இரண்டு சுத்தியல் படமும் ஓர் எஸ்பெராண்டோ தேர்வும்

சனிக்கிழமை பிற்பகல் 3.50. ஹங்கேரியில், ஏரிக்கரை ஊர் ஒன்றின் ரயில் நிலையம். வண்டியிலிருந்து இறங்கினேன். எஸ்பெராண்டோக்காரர்களின் அடையாளமான பச்சை நட்சத்திரம் வரைந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி நின்றிருந்தார். ஒன்பது ஆண்டுகளாக எனக்குக் கடிதம் எழுதிவரும் இலோனா அவர்தான். உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிப்பவர். நான் பெட்டியைக் கீழே வைத்தேன், கைகூப்பினேன், எஸ்பெராண்டோவில் பேசினேன். வாழ்நாளில் இன்னொரு நாட்டுக்காரரிடம் அந்த மொழியில் நான் வாய் திறந்து பேசியது அதுவே முதல் தடவை.

"மதிப்பிற்குரிய தோழியே! தங்களைக் காணும் பேறு பெற்றமைக்கு மகிழ்கிறேன். நானும் என் குடும்பத்தாரும் நலம். தங்கள் நலத்தை அறிய ஆவலாக உள்ளேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள நண்பன்."

இலோனா ஒரு கணம் விழித்தார். பிறகு அட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "பின்குறிப்பு: டாக்ஸி காத்திருக்கிறது" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் பேசியதும் புரிந்தது, அவர் சிரித்த காரணமும் புரிந்தது. என் எஸ்பெராண்டோ முழுவதும் கடிதத்தில் கற்றது. பேச்சு என்றால் என்ன வடிவம் என்றே எனக்குத் தெரியாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். திருவண்ணாமலை தாலுகா ஆபீசில் நான் சர்வேயர். வயது நாற்பத்தேழு. பதினொரு ஆண்டுகளுக்கு முன் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில், ஒரு மனை அளக்கப் போயிருந்தேன். அந்த வீட்டுக்காரர் வெளிநாட்டவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர். ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். "வெள்ளக்காரரு ஒருத்தரு உட்டுட்டுப் போயிட்டாருங்க. இங்கிலீஷ் மாதிரியும் இருக்குது, இல்லாத மாதிரியும் இருக்குது. நீங்க எதையாவது படிச்சிக்கினே இருக்கிற ஆளு, எடுத்துக்கினு போங்க" என்றார். ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் போலந்துக் கண் மருத்துவர் ஒருவர் எல்லா நாட்டவரும் சமமாகப் பேசிக்கொள்வதற்கென்று ஆக்கிய மொழிதான் எஸ்பெராண்டோ என்று முன்னுரையில் இருந்தது. அடிப்படை விதிகள் பதினாறு. விதிவிலக்கு என்பதே கிடையாது. நில அளவைக்காரனுக்கு அது போதும். நான் அந்த மொழிக்கு ஆளாகிவிட்டேன்.

மூன்று ஆண்டுகளாக எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றின் வகுப்பறையில் ஞாயிறுதோறும் காலை ஒன்பதரை முதல் பதினொன்று வரை வகுப்பும் நடத்திவந்தேன். மாணவர் பதினொருவர். மண்டியில் நெல் எடைபோடும் ஏழுமலை, ஒரு நர்ஸ், பஸ் கண்டக்டர் இருவர், அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வரும் விவசாயக் குடும்பத்துச் சகோதரிகள் மூவர் என்று எல்லாம் வேலை செய்கிறவர்கள். சென்ற பங்குனியில் யாரோ தலைமையாசிரியருக்கு மொட்டைக் கடிதம் போட்டார்கள்: சர்வேயர் வேறு பெயரில் இந்தி சொல்லித் தருகிறார்.

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "இன்னா சர்வேயரே, இந்தி இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ரெண்டும் தெரியாது" என்றார். "நீங்க இதுல ஏதாச்சும் பாஸ் பண்ணியிருக்கீங்களா? அத்தாட்சி இருக்குதா? இருந்தா கொண்டாங்க, ரூம் தர்றேன். இல்லைன்னா சாவியக் கேக்காதீங்க."

என்னிடம் அத்தாட்சி இல்லை. கற்பிப்போருக்கான தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை இலோனாவின் ஊரில் கோடைக்கூட்டத்தில் நடக்கிறது. எழுத்துத் தேர்வு ஒன்று, வாய்மொழித் தேர்வு ஒன்று. அதற்காகத்தான் வந்தேன். விடுப்புக்கும் பயணத்துக்கும் வழி செய்த விதம் நீளமானது, விட்டுவிடுகிறேன்.

ஞாயிறு. காலை 7.30, சாப்பாட்டுக்கூடம். பதினேழு நாட்டிலிருந்து வந்தவர்கள். ஒரே மேசையில் எதிரில் மொரிதா என்ற ஜப்பானியர், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்தில் பிரேசில் நாட்டுத் தையல்காரப் பெண். அவர்கள் பேசிக்கொண்டது எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. கையிலிருந்த ரொட்டியை வைத்துவிட்டு அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். ஜப்பானியரின் பேரனுக்கு மாம்பழத்தால் ஒவ்வாமை வருகிறது என்பதைத் திருவண்ணாமலைக்காரன் ஹங்கேரியில் உட்கார்ந்து தெரிந்துகொள்கிறேன்! நடுவில் இங்கிலீஷ் இல்லை, துபாஷி இல்லை. புத்தகத்தில் இருந்தது பொய்யில்லை.

நானும் பேசினேன். "மதிப்பிற்குரிய தோழர் மொரிதா அவர்களுக்கு" என்று தொடங்கியதுமே மேசை முழுவதும் சிரித்தது.

"இந்தியாவிலிருந்து தபால் வந்திருக்கிறது" என்றார் மொரிதா. "உப்பு வேண்டும் என்று எழுதியிருக்கிறார்."

அதிலிருந்து நான் வாயைத் திறந்தால் யாராவது ஒருவர் "ஸ்டாம்ப் ஒட்டினீர்களா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

பகல் உணவுக்கு முதலில் சூப்பு என்று வந்தது. குளிர்ந்த செர்ரிப் பழச்சாறு, இனிப்பு, மேலே பாலாடை. பாயசத்தை முதலில் கொடுக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வந்த குழம்பு எங்கள் ஊர் மிளகாய்க் குழம்பு நிறத்தில் இருந்தது. ஆவலோடு சாப்பிட்டால் காரம் ரொம்பக் கம்மி. பெட்டியிலிருந்த பருப்புப்பொடியைக் கொஞ்சம் தூவினேன். பிரேசில் பெண் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கினார், பிறகு ஒரு ஸ்பூன் கேட்டார். இப்படிப் போனால் புதன்கிழமைக்குள் தீர்ந்துவிடும் என்று டைரியில் குறித்தேன். செவ்வாய் இரவே தீர்ந்தது.

திங்கள், செவ்வாய். காலையில் பாடம், மாலையில் ஏரிக்கரையில் நடை. ஏரி பெரிது, மறுகரை மங்கலாகத்தான் தெரிகிறது. கரையில் மாவை எண்ணெயில் பொரித்துப் பூண்டுத் தண்ணீர் தடவி விற்கிறார்கள். எங்கள் ஊர் பூரியின் அண்ணன். ஒரு நாளைக்கு இரண்டு வீதம் சாப்பிட்டேன்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. பல நாட்டவர் கூடியிருக்கும் இடத்தில் இருவர் தங்கள் தாய்மொழியில் பேசிக்கொண்டால் மற்றவர்கள் அவர்களை "முதலை" என்று கேலி செய்வார்கள். ஹங்கேரிக்காரர்கள் நாளுக்கு நாலு தடவை முதலை ஆனார்கள். இத்தாலியர்கள் எப்போதும் முதலைகள். எனக்குத்தான் அந்த வாய்ப்பே இல்லை. தமிழ் பேச இன்னொரு ஆள் கிடையாது. செவ்வாய் மாலை கல்லில் கால் இடித்து "ஐயோ அம்மா" என்றேன். மொரிதா உடனே "முதலை!" என்று கூவினார். அன்று எனக்கு வலியைவிட மகிழ்ச்சி ஜாஸ்தி.

புதன். எழுத்துத் தேர்வு, மூன்று மணி நேரம். எழுதுவதுதான் என் பலம். நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே முடித்துவிட்டு, எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். வாய்மொழித் தேர்வு வியாழன் பிற்பகல் 3 மணி என்று பலகையில் என் பெயருக்கு எதிரே எழுதியிருந்தது.

வியாழன். இந்த நாளை விவரமாக எழுதவேண்டும். தவறு முழுவதும் என்னுடையது.

காலையில் எல்லோரையும் ரயிலில் பக்கத்துக் கிராமத்துச் சந்தைக்கு அழைத்துப் போனார்கள். பதினொன்றரை வண்டியில் கூட்டம் திரும்பியது. நான் திரும்பவில்லை. அந்த ஊர் வயல்களில் எல்லையை எப்படிக் குறிக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை. நிலைய அட்டவணையை ஏற்கெனவே டைரியில் அழகாகப் படியெடுத்திருந்தேன். சில வண்டிகளுக்கு எதிரே இரண்டு சுத்தியல் குறுக்காக வைத்த படம் இருந்தது. சிலவற்றுக்குச் சிலுவை. சுத்தியல் என்றால் தண்டவாளத்தில் பழுது வேலை, அந்த வண்டி ஓடாது என்று நானே தீர்மானித்தேன். யாரையும் கேட்கவில்லை. சுத்தியல் வண்டிகளை ஒதுக்கிவிட்டுச் சிலுவை போட்ட 1.50 வண்டியைச் சிவப்பு மையில் கோடிட்டு வைத்திருந்தேன்.

வயல்களைப் பார்த்தேன். அங்கேயும் கல்தான் நடுகிறார்கள். 12.55க்கு நிலையத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். 1.10க்கு ஒரு வண்டி வந்து நின்றது. அதற்கு நேரே என் டைரியில் இரண்டு சுத்தியல். பழுது பார்த்தபின் சோதனை ஓட்டம் விடுகிறார்கள் போலும் என்று நினைத்தேன். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். கார்டு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார், கையையும் ஆட்டினார். நான் மரியாதையாகப் பதிலுக்குக் கை ஆட்டினேன். வண்டி போய்விட்டது.

1.50க்கு எதுவும் வரவில்லை. 2.30க்கும் வரவில்லை. 4.25க்கு வந்த வண்டியில் ஏறி, 5.10க்குக் கூட்டம் நடக்கும் கட்டிடத்தை அடைந்தேன். தேர்வு அறை பூட்டியிருந்தது.

இலோனா வாசலில் காத்திருந்தார். நான் டைரியைத் திறந்து காட்டினேன். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "சுத்தியல் என்றால் வேலைநாள். சிலுவை என்றால் ஞாயிறும் பண்டிகையும். எங்கள் நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும்!"

"எங்கள் நாட்டில் சர்வேயருக்குத் தெரியவில்லை" என்றேன். ஏழாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாமல் வந்துவிட்டு, கடைசி ஒரு ரயிலை உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன் நான். அடுத்த தேர்வு அடுத்த ஆண்டு. அடுத்த ஆண்டு நான் வரமுடியாது. ஊரில் பதினொரு பேர் என்னை நம்பி நோட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள்.

இலோனா என்னை இழுத்துக்கொண்டு தேர்வாளர்களிடம் போனார். ஒருவர் கொவாச், ஓய்வுபெற்ற ஹங்கேரி நீதிபதி. மற்றவர் வெரா என்ற பல்கேரியப் பெண்மணி, நூலகர். நீதிபதி சட்டைப்பையிலிருந்து விதிப்புத்தகத்தையே எடுத்துவிட்டார். "தேர்வு நாள் முடிந்தது. நாளை காலை 6.40க்கு நாங்கள் இருவரும் ஊருக்குக் கிளம்புகிறோம்."

"ஒரே வண்டியிலா?" என்று கேட்டார் இலோனா.

"சந்திப்பு நிலையம் வரை."

"புத்தகத்தைக் கொடுங்கள்." இலோனா பக்கத்தைப் புரட்டினார். "கூட்டம் முடியும் வரை தேர்வு நடத்தலாம் என்று இருக்கிறது. கூட்டம் முடிவது நாளை பகல். இரண்டு தேர்வாளர் வேண்டும் என்று இருக்கிறது. அமைதியான இடம் வேண்டும் என்று இருக்கிறது. ரயிலில் கூடாது என்று எங்கே இருக்கிறது, நீதிபதி அவர்களே?"

"ரயில் அமைதியான இடமா?"

வெரா முதல் முறையாக வாய் திறந்தார். "இந்த வாரம் இவர் உட்கார்ந்து சாப்பிட்ட மேசையைவிட ரயில் அமைதியாகத்தான் இருக்கும்."

வெள்ளி. காலை 6.40 வண்டி. அட்டவணையில் அதற்கு எதிரே இரண்டு சுத்தியல். ஏறுவதற்கு முன் இலோனாவிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மரப்பலகை இருக்கை. எனக்கு எதிரில் தேர்வாளர்கள் இருவரும். ஜன்னலோரம் தலையில் துணி கட்டிய ஒரு விவசாயப் பெண்மணி, மடியில் கூடை நிறைய ஆப்ரிகாட் பழம். அவர் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். நீதிபதி கடிகாரத்தை எடுத்து முழங்கால் மேல் வைத்தார். "உங்கள் ஊரில் ஓர் இடத்தை எங்களுக்குச் சொல்லுங்கள். கேட்டதும் நாங்கள் அங்கே நடந்து போகிற மாதிரி இருக்கவேண்டும். பதினைந்து நிமிடம்."

"மதிப்பிற்குரிய..." என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"மலை" என்று தொடங்கினேன். "எங்கள் ஊரில் ஒரு மலை இருக்கிறது. சுற்றிவரப் பதினான்கு கிலோமீட்டர் பாதை. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கவேண்டும்."

பிறகு எனக்குத் தெரிந்த முறையிலேயே போனேன். கோயில் கோபுரத்திலிருந்து கிளம்பி எந்த இடத்தில் பாதை வலப்பக்கம் வளைகிறது, எட்டு லிங்கங்களும் எந்தெந்தத் திசையில், அடி அண்ணாமலையில் வயல் எங்கே தொடங்குகிறது, அங்கிருந்து பார்த்தால் மலை எப்படி வேறு முகம் காட்டுகிறது, பௌர்ணமியில் வழியில் என்னென்ன விற்பார்கள். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கடித வாசகம் ஒன்றுகூடக் குறுக்கே வரவில்லை. காரணம் எனக்கு இப்போது தெரிகிறது. அந்தப் பாதையை நான் ஒருநாளும் யாருக்கும் கடிதத்தில் எழுதியதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று இருந்துவிட்டேன்.

விவசாயப் பெண்மணி நீதிபதியின் சட்டையைத் தொட்டு ஹங்கேரியனில் ஏதோ கேட்டார். நீதிபதி உதட்டில் விரல் வைத்தார். அந்த அம்மா விடவில்லை.

"என்ன கேட்கிறார்?" என்றார் வெரா.

"இவர் என்ன சொல்கிறார் என்று கேட்கிறார். தேர்வு நடுவில் சொல்லமுடியாது என்றேன்."

"சொல்லுங்கள். அவர் கேட்கட்டும். இவர் பதில் சொல்லட்டும். இதைவிட நல்ல தேர்வு எங்கே கிடைக்கும்?"

நீதிபதி விதிப்புத்தகத்தைத் தொட்டுப் பார்த்தார், திறக்கவில்லை. நான் சொன்னதைச் சுருக்கமாக ஹங்கேரியனில் சொன்னார். அந்த அம்மா தலையாட்டிக் கேட்டார். பிறகு நேரே என்னைப் பார்த்துக் கேட்டார். நீதிபதி எஸ்பெராண்டோவில் ஆக்கினார்: "அந்த மலையில் என்ன விளைகிறது?"

"ஒன்றும் விளைவதில்லை, அம்மா. பாறையும் புல்லும்தான்."

"பிறகு ஏன் சுற்றுகிறீர்கள்?"

"இங்கே எல்லோரும் மாலையில் ஏரிக்கரையில் நடக்கிறீர்களே. ஏரியில் என்ன விளைகிறது?"

"மீன்!" என்றார் அந்த அம்மா உடனே. பெட்டியில் எல்லோரும் சிரித்தார்கள். தூங்கிய கணவரும் விழித்துக்கொண்டு சிரித்தார். வெராவும் சிரித்தார். நான் தோற்றுவிட்டேன். நீதிபதியின் பேனா தாளின் மேல் தயாராக நின்றது.

"சரி, வேறு விதமாகச் சொல்கிறேன்" என்றேன். "நான் நிலம் அளக்கிறவன். இது உன்னுடையது, அது அவனுடையது என்று அளந்து கல் நடுவதுதான் என் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செய்கிறேன். நான் கல் நட்ட இடத்தில் அண்ணன் தம்பி பேசாமல் போயிருக்கிறார்கள். அந்தப் பாதையில் நடக்கும் நாளில் மட்டும் எனக்கு முன்னால் போகிறவர் யார், எவ்வளவு நிலம் வைத்திருக்கிறார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. எல்லோருக்கும் அதே பதினான்கு கிலோமீட்டர். எல்லோருக்கும் கால் சுடுகிறது. அதற்காகத்தான் சுற்றுகிறேன்."

நீதிபதி மொழிபெயர்த்தார். நான் சொன்னதைவிடக் கொஞ்சம் நேரம் ஜாஸ்தி எடுத்துக்கொண்டார். அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். கணவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவருக்கும் ஒரு தம்பி இருக்கிறாராம்" என்று மட்டும் சொன்னார் நீதிபதி.

அந்த அம்மா கூடையிலிருந்து நாலு பழம் எடுத்து என் கையில் வைத்தார். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது. வெராவின் பெட்டியைப் படுக்கவைத்து அதன் மேல் தாளை வைத்து எழுதினார். வண்டி ஆடியதில் எழுத்துகள் கோணலாக விழுந்தன. இருவரும் கையெழுத்திட்டார்கள். பச்சை முத்திரை ஒன்றை வாயால் ஊதிக் குத்தினார். எழுத்தில் "மிக நன்று", பேச்சில் "நன்று". பழச்சாறு கையில் ஒட்டியிருந்ததால் நான் அந்தத் தாளை அப்போது தொடவில்லை.

சந்திப்பு நிலையத்தில் அவர்கள் வேறு வண்டி ஏறிப் போனார்கள். நான் தனியாகத் திரும்பவேண்டும். டிக்கெட் கொடுப்பவரிடம் எஸ்பெராண்டோவில் கேட்டேன், புரியவில்லை. இங்கிலீஷில் கேட்டேன், அதுவும் புரியவில்லை. உண்மையைச் சொல்லவேண்டும்: உலகத்தில் இன்னும் பெரும்பாலான டிக்கெட் ஜன்னல்களில் எங்கள் மொழி செல்லாது. எதுவும் புரியாது என்று ஆனபின் தாய்மொழியே மேல் என்று, "திரும்பிப் போவணுங்க, ஒரு டிக்கெட் குடுங்க" என்றேன். ஊர்ப் பெயர் எழுதிய காகிதத்தையும் காட்டினேன். கொடுத்துவிட்டார். பக்கத்தில் முதலை என்று கூவ ஒருவரும் இல்லை.

ஊர் திரும்பிய மறுநாள், செவ்வாய்க்கிழமை, காலை 10.15. தலைமையாசிரியர் அறை. ஏழுமலையும் கூட வந்திருந்தார், மண்டியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு. நான் தாளை மேசைமேல் வைத்தேன்.

தலைமையாசிரியர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "இன்னா சர்வேயரே, கையால எழுதியிருக்குது. கோணலா வேற இருக்குது. இன்னா பாஷை இது?"

"அந்த பாஷைதான் சார்."

"சரியாப் போச்சு. இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு யாரு படிக்கிறது? நீங்களே படிச்சா நான் நம்பணுமா?"

நியாயமான கேள்வி. ஏழாயிரம் கிலோமீட்டர் போய் வாங்கி வந்தவனுக்கு இது தோன்றவில்லை. நான் பதில் தேடுவதற்குள் ஏழுமலை கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தார். முதலில் எஸ்பெராண்டோவில், எழுத்துக்கூட்டாமல், உரக்க ஒரு தடவை படித்தார். பிறகு தமிழில் சொன்னார்.

"'இந்தத் தேர்வு ஓடுற ரயில்ல நடந்துச்சு. இவரு இந்த மொழிய நல்லாப் பேசறாரு, சொல்லிக்குடுக்கத் தகுதியான ஆளு'ன்னு போட்டிருக்குது சார். கீழ இன்னொண்ணு எழுதியிருக்குது. 'கூட வந்த விவசாயம் பண்ற ஒரு அம்மாவும் கேள்வி கேட்டாங்க. அவங்களுக்கும் திருப்தி.' ரெண்டு பேரு கையெழுத்து, முத்திரை."

கடைசி வரியை நான் அதுவரை கவனிக்கவில்லை. வண்டி ஆட்டத்தில் அது தாளின் ஓரத்துக்குப் போயிருந்தது.

தலைமையாசிரியர் தாளைப் பார்க்கவில்லை. ஏழுமலையைப் பார்த்தார். "நீ எதுவரைக்கும்பா படிச்சே?"

"எட்டாவது சார். இதே ஸ்கூல்தான். உங்ககிட்டதான் சார் இங்கிலீஷ்ல ஃபெயிலானேன்."

தலைமையாசிரியர் எழுந்து போய் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் ஏழுமலையின் கையில் வைத்தார்.

"பெஞ்ச நகத்தாதீங்க" என்றார்.